எங்கள் கொலுவில் ஜன்னல் இல்லாத ஊர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், மயிலாப்பூரில் கொலு வைத்த அத்தனை வீடுகளிலும் எங்கள் வீட்டு பார்க்தான் ஒசத்தி. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் இதுவரை எழுதக் காணோம். தன்னடக்கம் பிடித்தவர்கள் வேறு யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளலாம்.

கொலு வைக்காத வீட்டுக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. நவராத்திரிக்குப் படி கட்டி பொம்மை அடுக்குவது பெரியவர்கள் வேலை. படிக்குக் கீழே தரையில் மணலைக் கொட்டி ஊர் போல ஒன்று செய்வது பிள்ளைகள் வேலை. அதற்குத்தான் பார்க் என்று பெயர். முகம் பார்க்கும் கண்ணாடியை மணலில் புதைத்தால் குளம், கேழ்வரகை முளைக்கவிட்டால் வயல், குளத்தின் மேல் இரண்டு பிளாஸ்டிக் வாத்து. எல்லார் வீட்டிலும் அதே குளம், அதே வாத்து. நானும் விவரம் தெரிந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அந்த நாவல் என் கைக்கு வரும் வரை.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வயதுப் பெண்களுக்கென்றே எழுதப்பட்ட ஓர் இங்கிலீஷ் நாவல் பள்ளிக்கூடம் முழுக்கச் சின்னம்மை போலப் பரவியிருந்தது. படிக்காதவளை மதிய சாப்பாட்டு வட்டத்தில் யாரும் சீந்தவில்லை. லஸ் பக்கத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. அதை நடத்தியவர் தடிமனான புத்தகம் எது வந்தாலும் நடுவில் பிளந்து, இரண்டு பாகமாக அட்டை போட்டு பைண்டு செய்துவிடுவார். ஒரே கதைக்கு இரண்டு வாடகை. அத்தியாயம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அவர் கவலை இல்லை, பாதிப் பக்கம் வந்ததும் கத்தியைப் போட்டுவிடுவார். இந்த நாவலுக்கும் அதே கதிதான். எனக்குக் கிடைத்தது முதல் பாகம். இரண்டாம் பாகம் யார் வீட்டிலோ இருந்தது.

கதை இதுதான். சுற்றிலும் மதில் எழுப்பிய ஓர் ஊர். அங்கே எந்த வீட்டுக்கும் ஜன்னல் கிடையாது. முன்னொரு காலத்தில் காற்றோடு ஒரு வியாதி வந்ததாகவும், அதனால் எல்லா ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டதாகவும் ஊரை ஆள்கிறவர்கள் சொல்கிறார்கள். பதினான்கு வயதானால் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலை அவர்களே கொடுப்பார்கள். நாயகிக்குக் கிடைக்கிற தொழில் ஜன்னல் அடைப்பது. ஒரு நாள், வியாதியில் படுத்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணின் அறையில் அவள் ஒரே ஒரு செங்கல்லை மட்டும் பூசாமல் சும்மா செருகிவிட்டு வருகிறாள். அந்தப் பெண் செங்கல்லை உருவி வானத்தைப் பார்க்கிறாள். சேதி கசிகிறது. உடனே சுவர்தட்டிகள் என்று ஒரு கூட்டம் இரும்புக் கம்பியோடு வீடு வீடாகப் புறப்படுகிறது. கம்பியால் ஒவ்வொரு சுவராகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, எந்தச் செங்கல் ஆடுகிறது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அந்தப் பெண்ணின் அறைக்குள் கம்பி நுழைகிறது. அங்கே லைப்ரரிக்காரர் கத்தியைப் போட்டிருந்தார்.

எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அந்த முதல் பாகத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். சாப்பிடும்போது படித்தேன், பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அடுப்படியில் நின்று படித்தேன், பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தபோதும் படித்தேன். பஸ்ஸில் போகும்போது எந்தெந்த வீட்டில் ஜன்னல் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போய் இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டைவிட்டேன். “புஸ்தகத்தைப் படிக்கறியா, புஸ்தகம் உன்னைத் தின்னுண்டிருக்கா?” என்று அம்மா கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

அம்மாவுக்கு அப்போது வேறு கவலை. நவராத்திரி வந்தால் அபிராமபுரத்திலிருந்து பெரியம்மா வருவார். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணா மனைவி. அவர் வீட்டுக் கொலுவைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். கூடம் முழுக்கப் படி, சுற்றிவர எலெக்ட்ரிக் ரயில், ஒவ்வொரு வருஷமும் புதுப் பொம்மை. எங்களுடையது கோவில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தளத்து ஃபிளாட். பொம்மைகள் மேற்கு மாம்பலத்தில் அம்மா பிறந்த வீட்டிலிருந்து வந்தவை. பாதிக்கு மூக்கு போயிருந்தது.

பெரியம்மா கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, படிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இடத்துக்குத் தக்கபடி பண்ணியிருக்கே” என்பார். வருஷா வருஷம் அதே வாக்கியம். அம்மா சிரித்துக்கொண்டே குங்குமத்தை நீட்டுவாள். அவர் போன பிறகு அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் பலமாகக் கேட்கும். பெரியம்மாவிடம் அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே பதில்தான். “சரி மன்னி.” அவர் வீட்டு விசேஷத்துக்கு முறுக்கு சுற்ற வரச் சொன்னால் “சரி மன்னி.” முந்தின நாளே வந்துவிடச் சொன்னால் அதற்கும் “சரி மன்னி.”

அந்த வருஷம் அம்மா ஒரு முடிவோடு இருந்தாள். பொம்மை வாங்கக் கட்டுப்படியாகாது, ஆனால் பார்க் பிரமாதமாக இருக்க வேண்டும், பெரியம்மாவின் வாயிலிருந்து அந்த வாக்கியம் வரக் கூடாது. “தெப்பக்குளம் பண்ணு. நடுவுல மண்டபம், சுத்தி விளக்கு. உன் பொறுப்பு. மானத்தைக் காப்பாத்து” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டாள். நானும் தலையாட்டினேன். தெப்பக்குளம் என்று சொன்னது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. என் மனசில் வேறு ஊர் இருந்தது.

எதிர்வரிசையில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள், ஃபிளாட் கட்டுவதற்காக. அங்கே காவலுக்கு இருந்தவரிடம் போய் உடைந்த செங்கல் வேண்டுமென்று கேட்டேன்.

“இன்னாத்துக்கும்மா? வூடு கட்டப் போறியா?”

“வீடு இல்லை, ஒரு ஊரே கட்டப் போறேன்” என்றேன்.

“கட்டு கட்டு. கல்லு நெறைய கீது” என்று பை நிறைய அள்ளிப் போட்டுக் கொடுத்தார்.

அமாவாசை அன்று படி கட்டி, கலசம் வைக்கும் வேலையில் அம்மா மும்முரமாக இருந்தாள். நான் மூலையில் அப்பாவின் பழைய வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். முடிகிற வரை யாரும் பார்க்கக் கூடாது என்று கண்டிஷன். தெப்பக்குளம் ரகசியமாகத் தயாராகிறதென்று அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம், நடுவில் எனக்கு மோர் வேறு கொண்டுவந்து திரைக்குக் கீழே நீட்டினாள்.

செங்கல்லைத் தட்டித் தட்டிச் சில்லாக்கி, மைதா பசை போட்டு மதில் எழுப்பினேன். தீப்பெட்டியும் செருப்பு டப்பாவும் வீடுகள். எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் பூசினேன். ஒரு மரம் இல்லை, ஒரு வாத்து இல்லை. கம்பி பிடித்த சுவர்தட்டிகளை ஈர்க்குச்சியும் களிமண்ணும் வைத்துச் செய்தேன். ஒரே ஒரு வீட்டில் மட்டும் சுண்டுவிரல் நுழைகிற அளவு ஓட்டை, அதற்குப் பொருத்தமாகச் செதுக்கிய ஒரு துண்டுச் செங்கல். அந்த டப்பாவுக்குள் டார்ச் பல்பையும் பேட்டரியையும் வைத்து, மேல்புறத்தில் நீல ஜெலட்டின் தாள் ஒட்டினேன். செங்கல்லை உருவி, ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு துளி வானம் தெரியும். செய்து முடித்து நானே பார்த்தேன். எனக்கே புல்லரித்தது. என் கையை எடுத்து நானே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

கலசம் வைத்து, ஆரத்தி எடுத்து முடிந்ததும் திரையை அவிழ்த்தேன்.

அம்மா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு, “என்னடி இது? இடிஞ்சு போன ஊரா?” என்றாள்.

“ஜன்னல் இல்லாத ஊர்மா. புஸ்தகத்துல வரது.”

“நல்ல நாளும் அதுவுமா அம்பாள் காலடில சாம்பலைப் பூசி வெச்சிருக்கே! எடு. எடுத்துக் குப்பையில போடு. மன்னி வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுண்டு நிப்பேன்?”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் அதற்குள் அப்பா பேப்பரைத் தாழ்த்தி, ஒரு வார்த்தை சொன்னார். “கலசம் வெச்சாச்சே. வெச்ச கொலுவைக் கலைக்கப்படாதுன்னு வருஷா வருஷம் நீதானே சொல்லுவே?”

அம்மாவின் சட்டம் அது. ஒருமுறை பொம்மையின் முகம் கோணலாக இருக்கிறதென்று நான் திருப்பி வைக்கப் போனதற்கே கையில் அடித்திருக்கிறாள். விஜயதசமி கழியும் வரை கொலுவில் வைத்தது வைத்த இடத்திலேயே இருந்தாக வேண்டும். அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கலசத்தைப் பார்த்தாள். வேறு எந்தச் சட்டமாக இருந்தாலும் மீறியிருப்பாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று இரவு சாதம் போட்டபோது கரண்டி தட்டில் பட்ட சத்தத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்தது.

முதல் நாள் வந்த மாமிகள் என் ஊரைப் பார்த்துவிட்டு மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள். ஒரு மாமி மட்டும், “பூகம்பமா?” என்று விசாரித்தார். நான் உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன். செங்கல்லை உருவிக் காட்டினேன். மாமி பட்டுப்புடவையோடு தரையில் முழங்கால் போட்டுக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்தார். “அடிப் பாவி!” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அந்த மாமி தன் இரண்டு பெண்களோடு வந்தார். அதற்கு அடுத்த நாள் அந்தப் பெண்கள் தெருவையே கூட்டிவந்தார்கள். நான் கதையை மொத்தமாகக் கொட்டிவிடாமல் சாயங்காலத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தேன். இங்கிலீஷில் இருந்ததை நம் தமிழில் சொல்லச் சொல்ல, எந்த இடத்தில் நிறுத்தினால் வாயைப் பிளப்பார்கள் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சுண்டல் ஏழு மணிக்குள் தீர்ந்துபோய், அம்மா அவசரமாகப் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் கலந்து கொடுக்க வேண்டியதாயிற்று. எல்லாரும் பாட்டுப் பாடிவிட்டு, “அப்புறம்?” என்று என் பக்கம்தான் திரும்பினார்கள்.

அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் கதை சொல்லும் நேரத்தில் அடுக்களை வாசலில் சுண்டல் பாத்திரத்தோடு நின்றுவிடுவாள். சுவர்தட்டியின் கம்பி அந்தச் சின்னப் பெண்ணின் அறைக்குள் நுழைகிற இடத்தில் நான் நிறுத்திய நாளன்று, எல்லாரும் போன பிறகு, எச்சில் தொன்னைகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“மாட்டிண்டாளா?”

“யாரு?”

“யாரா? கல்லைச் செருகினாளே, அவதான்.”

“தெரியாதும்மா. ரெண்டாம் பாகம் வரல்லே.”

“வரல்லேன்னா? பாதிக் கதையை எவனாவது வாடகைக்கு விடுவானா?” என்று என் மேல் எரிந்துவிழுந்தாள், ஏதோ பிளந்தது நான்தான் என்பது போல.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மாடவீதிக்குப் பூ வாங்கப் போன அம்மா வெகு நேரம் கழித்துத் திரும்பினாள். கூடைக்குள் கதம்பமும் வாழையிலையும், நடுவில் பச்சை அட்டை போட்ட இரண்டாம் பாகமும். லஸ் வரைக்கும் நடந்து போயிருக்கிறாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் ஒரு காலேஜ் பெண் வந்திருக்கிறாள். மேஜையில் வைக்கும் முன்பே அம்மா வாங்கிக்கொண்டுவிட்டாளாம். “இதுக்கு வரிசைல எத்தனையோ பேர் இருக்கான்னான் அந்த மனுஷன். இருக்கட்டும், எங்காத்துல ஊரே காத்துண்டிருக்குன்னேன்” என்றாள். லைப்ரரிக்காரர் பயந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்கு என்று பார்த்து வாசலில் கூட்டம் ஓயவில்லை. நடு நடுவே எடுத்து எடுத்துப் படித்து, படித்த வரைக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். மறுநாள் காலையில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நாயகி மதிலின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறாள், கீழே கம்பிகளோடு ஊரே நிற்கிறது. அப்போது ஒரு கை வந்து புத்தகத்தை உருவியது.

சரஸ்வதி பூஜையன்று வீட்டில் இருக்கும் புத்தகம் அத்தனையும் பூஜையில் ஏறிவிடும். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை ஆகும் வரை யாரும் ஓர் எழுத்து படிக்கக் கூடாது. பாடப் புத்தகத்துக்கு இந்தச் சட்டம் எனக்கு எப்போதுமே உடன்பாடுதான். அம்மா அடுக்கின் உச்சியில் என் நாவலை வைத்து, அட்டைக்குச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டாள்.

“அம்மா, ஒரே ஒரு அத்தியாயம்மா!”

“அடுக்கினது அடுக்கினதுதான்” என்றாள். கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மா வந்தார். அம்மா அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஒன்பது நாள் கூட்டமும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை, இந்த ஒருவரின் ஒரு வாக்கியம்தான் கணக்கு. நான் அதுவரை என் ஊரைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் அம்மாவைச் சரியாகப் பார்த்தேன். துடைத்த குங்குமச் சிமிழையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். தெப்பக்குளமே செய்திருக்கலாமோ என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது.

பெரியம்மா படிகளைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். “இதென்ன கண்றாவி? கொலுவுல போய் ஜன்னல் இல்லாத வீடும் பாழடைஞ்ச மதிலும்! குழந்தை ஏதோ பண்ணினா, நீயும் பார்த்துண்டு இருந்தியா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“ஒரு கதை மன்னி. உட்காருங்கோ, சொல்றேன்.”

பெரியம்மா உட்கார்ந்தார். அம்மா கதை சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. “நம்ம மாடவீதி மாதிரி ஒரு ஊர்னு வெச்சுக்கோங்கோளேன்” என்று ஆரம்பித்தாள். சுவர்தட்டிகள், கரண்ட் பில்லுக்கு மீட்டர் பார்க்க வருகிறவர்கள் போல வீடு வீடாக வந்தார்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு நாயகி கஞ்சி கொடுத்தாள், புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. நான் ஒன்பது நாள் சொன்னதில் ஒன்றுவிடாமல் அம்மாவிடம் இருந்தது, என்னிடம் இல்லாததும் கொஞ்சம் இருந்தது. செங்கல்லை உருவும் இடம் வந்ததும் அம்மா நிஜமாகவே குனிந்து உருவி, “பாருங்கோ மன்னி” என்றாள். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தரையில் கையை ஊன்றிப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

“மதில் மேல ஏறிண்டிருக்கா. கீழ அத்தனை பேரும் கம்பியும் கையுமா நிக்கறா” என்று அம்மா முடித்தாள்.

“அப்புறம்?”

“புஸ்தகம் பூஜைல இருக்கு மன்னி. நாளைக்குக் கார்த்தால மறுபூஜை ஆனப்புறம்தான் தெரியும். வாங்கோளேன்.”

எங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, வெற்றிலை பாக்குக்காக மட்டும் வருகிறவர் பெரியம்மா. மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சந்து முனையில் அவர் கார் வந்து நின்றது.

மறுபூஜை முடிந்தது. அம்மா அடுக்கின் உச்சியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி என்னிடம் கொடுத்தாள். பெரியம்மா பாயில் சம்மணம் போட்டுக்கொண்டார், அம்மா அவர் பக்கத்தில், வாசலில் அந்த “அடிப் பாவி” மாமியும் பெண்களும். வரி வரியாக இங்கிலீஷில் பார்த்து, தமிழில் சொன்னேன். தடுமாறவில்லை, தயங்கவில்லை. நாயகி மதில் மேல் நின்று வெளியே பார்க்கிறாள். என்ன பார்த்தாள் என்று உரக்கச் சொல்லத் தொடங்குகிறாள். கீழே நிற்கிற சுவர்தட்டிகளில் ஒருவன் கம்பியைக் கீழே போடுகிறான். அவ்வளவுதான், கதை முடிந்தது.

“இவ்வளவுதானா? அந்த வியாதிக்காரக் குழந்தை என்ன ஆச்சு?” என்று அம்மா அந்த எழுத்தாளர் மேல் கோபப்பட்டாள். “இன்னும் ரெண்டு பக்கம் எழுதினா கை ஒடிஞ்சா போயிடும்?”

பெரியம்மா சிரித்தார். என் தலையைத் தடவிக் கொடுத்தார். இடத்துக்குத் தக்கபடி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. கிளம்பும்போது, குங்குமம் எடுத்துக்கொண்டே, முறுக்கு சுற்ற வரச் சொல்லும் அதே குரலில் அம்மாவிடம் சொன்னார்.

“அடுத்த வருஷம் இவளை எங்காத்துக்கு அனுப்பிடு. ரயிலை எல்லாம் எடுத்துடறேன். பார்க் இவதான் பண்ணணும்.”

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அபிராமபுரத்துக் கூடத்தில் என் ஊர்! “சரி மன்னி” என்ற பதிலுக்காக அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அம்மா வெற்றிலைத் தட்டைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். 

“இல்லே மன்னி. அவ இங்கதான் கட்டுவா. நீங்க வந்து பாருங்கோ.”